காளான் சட்டியைத் தொடாதீங்க

அப்பா,

விடிஞ்சு நீங்க சாயப்பட்டறைக்குக் கிளம்பினதும் அம்மாவுக்கு வாந்தி ஆரம்பிச்சிருச்சு. ஆம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்க போன் இங்கே சார்ஜில் கிடக்குது. மீதிக் குழம்பைத் தொடாதீங்க, கோழிக்கும் போடாதீங்க.

வெள்ளிக் கொலுசைப் போட்டு வேகவைச்சும் கறுக்கலை, நல்ல காளான்தான் என்றீங்க. அது சோதனையே இல்லை என்று நான் சொன்னதுக்கு, "காலேஜ் போனா காடு தெரிஞ்சிருமா கண்ணு?" என்று சிரிச்சீங்க. சாப்பிடுற புற்றுக்காளானுக்கு அடியில் வேர் மாதிரி நீளமாக இருக்கும். நீங்க கத்தியில் அறுத்து, அடியை மண்ணிலேயே விட்டுட்டீங்க. டாக்டரிடம் எதைக் காட்டட்டும்? சமைக்காத ரெண்டை டிபன் பாக்சில் எடுத்துக்கிட்டேன்.

ராத்திரி கோபத்தில் நான் சாப்பிடாமல் படுத்தேன். சட்டியைக் கொட்டியிருக்கணும்.

நீங்களும் சாப்பிட்டிருக்கீங்க. உடனே வாங்க. சண்டையை அங்கே போடலாம்.

ஜனனி

எனக்கு ஒண்ணுமில்லை என்று உட்கார்ந்திராதீங்க. விடியற வரைக்கும் அம்மாவும் அதையேதான் சொல்லுச்சு.