மாப்பிள்ளையின் ஊர்

மார்ச் 12, 2025. குட்மேய்ஸ், லண்டன்.

இன்று எனக்கு லீவு. காலையில் ஏணி வைத்து ஏறிக் கூரைப் பீலிக்குள் கிடந்த சருகெல்லாம் வழித்தேன். மத்தியானம் மகள் மிதுஷா போன் எடுத்தாள். அவள் கட்டப்போகிற அல்வாரோவின் தாய் தகப்பன் எங்களைத் தங்கள் ஊருக்கு வரச் சொல்கிறார்களாம். ஸ்பெயினில் அந்தெக்கேரா என்ற சின்னப் பட்டணம். மே மாதம், நான்கு நாள், அவர்கள் வீட்டிலேயே.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஒக்டோபரில் கலியாணம் என்று அவர்கள் இருவரும் முடிவெடுத்தாயிற்று. நானும் "சரி" சொன்னவன்தான். ஆனால் அது வாயால் மட்டும் வந்த சரி. பார்மசிஸ்ட் ஆக்கி வைத்த பிள்ளை, தன் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்யும் ஒரு ஸ்பானிய நேர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். பெடியன் நல்லவன், மறுக்கவில்லை. என் கோப்பையைத் தானே கழுவி வைப்பான். அதற்காக?

சிநேகிதர் ஒருவருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 13

என் மனுசி தவநாயகி டிக்கெட் போட்டுவிட்டாள். என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

மே 15. அந்தெக்கேரா.

மலாகா விமான நிலையத்துக்கு அல்வாரோவின் தகப்பன் ரஃபாயெல் தானே கார் கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கை குலுக்கப் போனேன், மனிதர் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்தார். நான் மரம் மாதிரி நின்றேன்.

வழி முழுக்க ஒரே பேச்சு. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலுக்கு வெளியே. ஒலிவ் தோட்டம், அந்தக் குன்று, இந்தக் குன்று. மிதுஷா பின்னாலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் ஸ்பானிய மொழி படிக்கிறாள் என்று தெரியும். ஆனால் இப்படிச் சரளமாகப் பேசுவாள் என்று நினைக்கவே இல்லை. ஒரு இடத்தில் அவள் என்னவோ சொல்ல ரஃபாயெல் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். இன்னொரு மொழியில் என் மகள் ஆட்களைச் சிரிக்க வைக்கிறாள்! முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது அவளுக்குத் தெரியத் தேவையில்லை.

பட்டணம் நெருங்கியதும் தூரத்தில் ஒரு தனி மலை. ஒரு ஆள் மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி: நெற்றி, மூக்கு, நாடி, எல்லாம் அச்சொட்டாக. ரஃபாயெல் காரை ஓரங்கட்டி நிறுத்தி ஒரு நீளக் கதை சொன்னார். மிதுஷா வாய் திறக்கவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"அது... காதலர் மலையாம் அப்பா. முந்தி ஒரு முஸ்லிம் தலைவன்ர மகளும் ஒரு கிறிஸ்தவப் பெடியனும் விரும்பி ஓடினவையாம். தகப்பன் ஆக்களை அனுப்பி மலையைச் சுத்தி வளைச்சிட்டாராம்."

"பிறகு?"

"கையைப் பிடிச்சுக்கொண்டு மேலயிருந்து குதிச்சிட்டினம்."

 பின்சீட்டில் மிதுஷாவின் பக்கத்தில் இருந்த அல்வாரோவின் காது சிவந்துவிட்டது.

"இதைக் காட்டத்தானோ என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனியள்?"

"அப்பா, ப்ளீஸ். அவர் எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல காட்டுவாராம்."

தவநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மே 16

காலையில் பஞ்சு போன்ற வட்டப் பாண், மேலே ஒலிவ் எண்ணெய். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு பட்டண எல்லையில் இருக்கும் கல்லறைக்குப் போனோம். கல்லறை என்றால் சாதாரணமானது இல்லை. மண்மேட்டுக்குள் ராட்சதக் கற்களை நிறுத்தி, அதன்மேல் கற்களைப் பரப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஐயாயிரம் வருடத்துக்கும் மேல் பழையதாம். கூரைக் கல் ஒன்று நூறு தொன்னைத் தாண்டுமாம். உள்ளே போனதும் குளிர் காலால் ஏறியது. திரும்பிப் பார்த்தால் வாசலுக்கு நேரே அந்தப் படுத்த மனிதன்.

ரஃபாயெல் கல்லில் உள்ளங்கையால் தட்டி, "நாங்கள் தூக்கி வைச்சது" என்றார். அவருடைய பாட்டனார் வந்து ஒரு பக்கம் பிடித்த மாதிரி! எனக்கு ரோசம் ஏறிவிட்டது. "எங்கட நாட்டில ரெண்டாயிரம் வருசத்துக் குளங்கள் இருக்கு, இண்டைக்கும் தண்ணி நிக்குது எண்டு சொல்லு" என்றேன். மிதுஷா சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு என்னவோ கேட்டார்.

"கல்லாலயோ மண்ணாலயோ கட்டினது எண்டு கேக்கிறார்."

"மண்ணால. கல்லும் பதிச்சிருக்கு."

எவ்வளவு உயரம், யார் திருத்துவது, மழை இல்லாத வருடம் என்ன செய்வது... ஒவ்வொன்றாகக் கேட்டார். அரைவாசிக்கு எனக்கே விடை தெரியாது. தெரிந்த மாதிரிச் சொன்னேன். மிதுஷாவுக்கு விளங்கியிருக்கும், காட்டிக்கொள்ளாமல் மொழிபெயர்த்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை, தவநாயகிக்குச் சைவம். அல்வாரோவின் தாய் கார்மென் தக்காளியில் தடிப்பான குளிர் சூப் செய்திருந்தார். மேலே தூவும் இறைச்சியும் முட்டையும் இல்லாமல் தவநாயகிக்கு வேறு கிண்ணம். யாரும் சொல்லவில்லையாம், தானே மிதுஷாவிடம் விசாரித்து வைத்தாராம்.

கொஞ்சம் யோசிக்க வைக்கிற ஆட்கள்தான்.

மே 17

 இன்றையதை எழுதிவிட்டால்தான் நித்திரை வரும்.

இன்று எல் தொர்க்கால். பட்டணத்துக்கு மேலே சுண்ணாம்புப் பாறை மலை. தோசையை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினது போல் கல் அடுக்குகள், சில பத்து ஆள் உயரம். ஒரு காலத்தில் கடலடியாம். ஒரு காட்டாடு பாறை நுனியில் நின்று எங்களைப் பார்த்தது.  இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: இப்படி ஒன்றை என் ஆயுளில் கண்டதில்லை.

பெண்கள் களைத்துக் கார் நிறுத்தும் இடத்துக்குத் திரும்பினார்கள். அல்வாரோ அவர்களோடு போனான். ரஃபாயெல் என் முழங்கையைப் பிடித்து, விரலால் காற்றில் சுருள் கீறிக் காட்டினார். கல்லாகிப்போன சங்கு எங்கோ இருக்கிறதாம், எனக்குக் காட்ட வேண்டுமாம். அடையாளம் போட்ட பாதையை விட்டு இறங்கினோம். சங்கைக் கண்டோம். என் உள்ளங்கையளவு, பாறையில் பதிந்து கிடந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோசம்! தானே பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

நிமிர்ந்தால், மலை இல்லை. மூடுபனி. ஐந்து நிமிடம் இருக்காது, எல்லாம் வெள்ளை.

அவர் முன்னால் நடந்தார். வலப்பக்கம் திரும்பினார், நின்றார், திரும்பி வந்தார். பிறகு இன்னொரு பக்கம். எல்லாப் பாறையும் ஒரே பாறை. போனில் சிக்னல் இல்லை. மனிதரின் மூச்சு மாறியது. அப்போதுதான் விளங்கியது: பிறந்ததிலிருந்து தெரிந்த மலையில் அவருக்கு வழி தெரியவில்லை. அந்த வெட்கத்தில் இன்னும் வேகமாக நடக்கிறார். அடுத்த அடியில் அவருடைய கால் சறுக்கியது. முன்னால் ஒரு வெடிப்பு, அடி தெரியவில்லை. சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். ஐயோ முருகா! இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தோம்.

"இருங்கோ! அசையாதேங்கோ!" என்று கத்தினேன். தமிழில்தான். அவருக்கு விளங்கியது.

பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்பானிய மொழியில் என்னவோ முணுமுணுத்தார். நான் தமிழில், "ஒண்டும் இல்லை, பொறுங்கோ, பனி வெளிக்கும்" என்றேன். வெளிக்கவில்லை. குளிர் எலும்புக்குள் போனது. எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது.

பிறகு எங்கிருந்தோ ஒரு குரல்.

"இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோஓஓ!"

தவநாயகி! கடைக்குள் நின்று என்னை இப்படிக் கூப்பிட்டால் குட்மேய்ஸ் தெருவே திரும்பிப் பார்க்கும் என்று எத்தனை தரம் அவளிடம் சொல்லியிருப்பேன். இன்று அந்தக் குரல் கல்லுக்குக் கல் மோதி இறங்கி வந்தது. "இஞ்சை நிக்கிறம்! கூப்பிட்டுக்கொண்டே இரு!" என்றேன். கல்லைத் தடவித் தடவி, ரஃபாயெலின் கையை விடாமல், அந்தச் சத்தத்தைப் பார்த்து ஏறினேன்.

மேலே அல்வாரோ காவலாளி ஒருவரோடு எங்களைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தான். ஓடி வந்து முதலில் என்னைத்தான் பிடித்தான். நாடி பார்த்தான், தன் ஜக்கெற்றைக் கழற்றி எனக்குப் போட்டான், பிறகுதான் தகப்பனிடம் போனான்.

"என்னப்பா நடந்தது?" மிதுஷா அழுதுகொண்டு கேட்டாள்.

ரஃபாயெல் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த நிலை எனக்குத் தெரியும். நானும் ஒரு வீட்டுத் தலைவன்தானே.

"ஒண்டும் இல்லை. எனக்கு இன்னும் பாக்க வேணும் போல இருந்தது. நான்தான் அவரை மினக்கெடுத்தினனான்."

அவள் அதை மொழிபெயர்த்தாள். ரஃபாயெல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 

மே 18

நேற்று எழுதிக் களைத்துப் படுத்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் நடந்ததை இன்று எழுதுகிறேன்.

அவருடைய தம்பி, தங்கை குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. நீள மேசை. நடுவில் ரஃபாயெல் எழும்பிக் கரண்டியால் கிளாசில் தட்டினார். மிதுஷா என் காதுக்குள் மொழிபெயர்த்தாள்.

"பகல் இவர் சொன்னது பொய்யாம். வழி தவறினது தானாம். அறுபத்திநாலு வருசம் இந்த மலையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவன், இண்டைக்கு அதுக்குள்ளயே துலைஞ்சு போனனாம். இந்த மனுசன் இழுக்காட்டி இப்ப இஞ்சை இருக்க மாட்டனாம். இழுத்துப்போட்டு, தன்ர மானத்தையும் காப்பாத்தினவராம்."

 அவர் என்னைக் காட்டி ஒரு சொல் சொன்னார். "கொன்சுவேக்ரோ."

"அதென்ன?" என்றேன்.

மிதுஷா தடுமாறினாள். "இங்கிலீஷில இதுக்கு வேர்ட் இல்லையப்பா. அது... மகன் கட்டப்போற பிள்ளையின்ர தகப்பன்..."

"சம்பந்தி எண்டு சொல்லன்!" என்றாள் தவநாயகி.

"ஓம்! அதேதான்!"

இத்தனை வருடம் ஆங்கிலம் பேசுகிறேன், அதில் இந்த உறவுக்கு ஒரு சொல் இல்லாததை நான் கவனித்ததே இல்லை. இவர்களிடம் இருக்கிறது. நான் எழும்பி, "சம்பந்தி" என்றேன். ரஃபாயெல் சொல்லிப் பார்த்தார். "சம்மந்தீ." பிறகு எல்லாரும் சொன்னார்கள். தவநாயகியின் குரலுக்கென்று தனியாகக் கைதட்டினார்கள். அவள் வெட்கப்படவில்லை. எழும்பி நின்று ஒருமுறை "இஞ்சேருங்கோ!" என்று கூப்பிட்டுக் காட்டினாள்.

மே 19

குட்மேய்ஸ். மழை. நாளை காலை ஷிப்ட்.

ஜூலை 6

டூட்டிங் போய்வந்தேன். முதன்முதல் லண்டன் வந்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்த கிறிஸ்துநாயகம் அங்கேதான் இருக்கிறான். கலியாணத்துக்குச் சொல்லத்தான் போனேன். கடையில் பிளேன்ரீயும் வடையும் எடுத்துக்கொண்டு இருந்தோம்.

"மாப்பிள்ளை என்ன செய்யுறார் மச்சான்?"

"நேர்ஸ். ஐசியூவில. தன்ர தகப்பனை விட்டுட்டு எனக்குத்தான் முதல் நாடி பாத்தவன்."

"எந்த ஊர்?"

"அந்தெக்கேரா."

"அது எங்க கிடக்கு?"

சொன்னேன். படுத்திருக்கும் மலையைச் சொன்னேன், அதிலிருந்து குதித்த இருவரைச் சொன்னேன். நூறு தொன் கல்லைக் காட்ட எழும்பிக் கையை விரித்ததில் பக்கத்து மேசைக்காரர் தன் பிளேட்டைத் தள்ளி வைத்தார். தொர்க்காலுக்கு மூடுபனி எப்படி வரும் என்று சொன்னேன். கடைசியில் கிறிஸ்துநாயகத்துக்கே ஆசை வந்துவிட்டது.

"அடுத்த வருசம் மனுசியோட ஒருக்கா போகலாம் போல கிடக்கு. நல்ல ஹோட்டல் ஏதும் இருக்கோ?"

"விசர்க் கதை கதையாதை. என்ர சம்பந்தி வீடு இருக்கேக்க ஹோட்டல் என்னத்துக்கு?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பார்க்கட்டும்.