லாக்கரில் அடித்த போன்

மார்ச் 8, சனி

சிறுநீரகம் பழுதானவர்களின் சிகிச்சையை ஒருங்கிணைப்பவள் என்று என் அட்டையில் போட்டிருக்கிறது. செய்வதெல்லாம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து போன் அடிப்பது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருக்கும் டெய்லர் ஒருவர் இன்றும் எடுக்கவில்லை. செவ்வாய், வியாழன், இன்று, மூன்று நாளும் காலை பத்து மணிக்கு. அவருடைய அக்கா தன் சிறுநீரகத்தையே தர முன்வந்திருக்கிறார். இந்த மனுஷனுக்குப் போன் எடுக்கக் கை நோகிறது. மூன்று முறை எடுக்காவிட்டால் மாற்று அறுவைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்பது மேலாளரின் விதி. ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று பதிந்து நீக்கினேன். கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

மார்ச் 10, திங்கள்

டெய்லரின் அக்கா மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

“தம்பி பேரை ஏம்மா எடுத்துட்டீங்க?”

மூன்று நாள் கூப்பிட்டதைச் சொன்னேன். கிழமையையும் நேரத்தையும் கேட்டார். சொன்னேன்.

“அந்த நேரத்துல அவன் உங்க கீழ்த்தளத்துலதானே டயாலிசிஸ் மெஷின்ல படுத்திருக்கான்? போனை வாங்கி லாக்கர்ல பூட்டுறது உங்க ஆளுங்கதானே?”

அவர் உட்காரவே இல்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை — இப்போதுதான் தோன்றுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். “விதிப்படி மூணு தடவை கூப்பிட்டாச்சு. அடுத்த வருஷம் புதுசா மனு போடட்டும்.”

அடுத்த வருஷம் அக்காவுக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிடும். அதற்கு மேல் இங்கே தானம் வாங்குவதில்லை. அதுவும் இவருக்குத் தெரியும்.

“நீங்க திருத்தப் போனா தப்பு உங்க தலையிலதான் விடியும். பாத்துக்குங்க.”

அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டுமா?

பத்து மணிக்குக் கீழே போனேன். ஆறு வருஷத்தில் இரண்டாவது தடவை. டெய்லர் கையில் இரண்டு குழாயோடு படுத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“அது நீங்கதானாம்மா? லாக்கர்ல விடாம அடிச்சுது, அப்புறம் திருப்பிக் கூப்பிட்டா லைன் போகல. யாருக்கோ தலைபோற அவசரம்னு நர்ஸோட சேர்ந்து நானும் சிரிச்சேன்.”

திட்டியிருக்கலாம்.

மார்ச் 12

சீ, என்ன பிழைப்பு இது.

மார்ச் 14, வெள்ளி

அறுவைக் குழுவுக்குக் கடிதம். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தானாக எப்படி நேரும்? கிழித்துப் போட்டேன். ‘விசாரிக்காமல் நீக்கியது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 3, வியாழன்

டெய்லர் பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு மெமோ. ‘குறையை நாமே கண்டுபிடிச்சோம்’ என்று மேலாளர் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கினார். வாய் கூசவில்லை. என் மேசையைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிவிட்டார். தண்டனையாம்.

ஜூலை 22, செவ்வாய்

முன்பு போனில் சொன்னதையெல்லாம் இப்போது படுக்கை படுக்கையாகப் போய் நேரில் சொல்கிறேன். உள்ளே போகும்போது என் போனும் லாக்கரில்தான். பதினொரு மணிக்கு வந்து எடுத்துப் பார்த்தால் டெய்லர் எண்ணிலிருந்து மூன்று அழைப்பு. அறுவை முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. உடனே திருப்பி அடித்தேன்.

“மூணு தடவை அடிச்சேன், எடுக்கலையே. ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதிடவா?”

“விளையாடாதீங்க. அக்கா எப்படி இருக்காங்க?”

“எழுந்து நடக்குறா, என்னை அதட்டுறா. நாலு வருஷமா நின்னுபோன மூத்திரம் நிக்காம வருதும்மா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”