வராதவருக்கு ஒரு கார்டு

ஜூன் 3, புதன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் மன்னித்துவிடு. கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே, படித்த திமிர் என்று நினைக்காதே. போனில் நீ “சாப்பிட்டியா” என்பாய், நான் “ம்” என்பேன், நீ “சரி” என்று வைத்துவிடுவாய். நான் வீட்டுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்து உனக்குப் பட்டறையில் அவசர வேலை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ எழுந்து போக முடியாது.

அண்ணா, எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி காதை மூடிக்கொண்டு தூங்குகிறாள், அதனால் நீ மாட்டினாய்.

எங்கள் மையம் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மனசு சரியில்லாதவர்களும் குடியை விட முடியாதவர்களும் வருகிறார்கள். படுக்கையெல்லாம் கிடையாது. வருகிறார்கள், டாக்டரைப் பார்க்கிறார்கள், வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள், மாத்திரை வாங்கிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போகிறார்கள். முதல் தடவை வருகிறவர்கள் நேராக மாடி ஏறுவதே இல்லை. தையல்காரரிடம் நின்று ஜிப் மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று விசாரிப்பார்கள். அவர் தலை நிமிராமலே, “மாடிதானே? போயிட்டு வாங்க, ஜிப்பை அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்.

இங்கே அழுகையும் கூச்சலுமாக இருக்கும் என்று பயந்துகொண்டு வந்தேன். அழுகை இருக்கிறது. ஆனால் சிரிப்பு அதைவிட அதிகம். அதற்குக் காரணம் எங்கள் ஆலோசகர். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். குடியால் வேலை போய், இதே மாடிக்கு நோயாளியாக ஏறி வந்தவர். ஏழு வருடமாகத் தொடவில்லை. எல்லாருக்கும் அவர் இன்னும் கண்டக்டர்தான். வாசலில் யாராவது தயங்கினால், “படியில நிக்காதீங்க, உள்ள ஏறி வாங்க, நடுவுல இடம் இருக்கு” என்று குரல் கொடுப்பார். என்னைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுகிறார்.

பெயர் கூப்பிடுவதும், ஃபாரம் நிரப்புவதும், பேசுகிறவர்கள் நடுவே பேசாமல் உட்கார்ந்து கவனிப்பதும்தான் இப்போதைக்கு என் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் அண்ணா. பிறந்ததிலிருந்து நான் பழகிய வேலை.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். செவ்வாய்க்கிழமைக் குழுவில் பதிவு செய்த எல்லாருக்கும் நாற்காலி போடுவார்கள். வராதவருடைய நாற்காலியை எடுக்க மாட்டார்கள். எனக்கு இது தெரியாது. முதல் நாள், எண்ணிக்கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று ஒரு காலி நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தேன். பதினொரு பேர் என்னைப் பார்த்தார்கள். கண்டக்டர் எழுந்து வந்து நாற்காலியைத் திரும்ப விரித்துப் போட்டார். கூட்டம் முடிந்ததும் வராதவருக்குத் தன் கையால் ஒரு கார்டு எழுதி, வெளியே விலாசத்தைத் தவிர எதுவும் எழுதாத கவரில் போட்டார். “இன்று உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. கோபம் இல்லை. அடுத்த செவ்வாயும் போட்டிருப்போம்.” அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் தெரியுமா!

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? பதில் போடு, நாலு வரியாவது.

உன் தங்கை,
பூச்சி


ஜூன் 19, வெள்ளி

பூச்சிக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். பதில் எழுதச் சோம்பல். இப்ப எழுத வெச்சுட்டே.

நேத்து ஒரு கவர் வந்துச்சு. வெளியில விலாசத்தைத் தவிர ஒண்ணுமில்ல. அம்மா ஏதோ பேங்க் சமாச்சாரம்னு டிவி மேல வெச்சிருந்தாங்க. பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சா, என் நாற்காலி காலியா இருந்துச்சாம். கோபம் இல்லையாம். எனக்கு இருக்குன்னு போய்ச் சொல்லு.

நான் எப்ப நாற்காலி கேட்டேன்? ஊர்ல இருக்கிற குடிகாரனையெல்லாம் விட்டுட்டுக் கூடப் பிறந்தவன் பேரைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கே. உனக்குப் போய் வாயில்லாப் பூச்சின்னு பேர் வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். காலைல ஏழு மணிக்குப் பட்டறையில நிக்கிறவன் நான். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டறது விளையாட்டில்ல. நான் வெல்டு வெச்ச வண்டியில தினம் எத்தனை குடும்பம் போகுது. சாயங்காலம் உடம்பு அசதிக்குக் குடிக்கிறேன், தூங்கறேன். யாரையாவது அடிச்சேனா, திட்டினேனா?

அம்மாகிட்டச் சொல்லல. முட்டி அப்படியேதான் இருக்கு. கார்டைக் கிழிச்சுப் போடலாம்னு பார்த்தேன். கையெழுத்து நல்லா இருந்ததால விட்டுட்டேன்.

அண்ணன்


ஜூன் 22, திங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மாடிப்படியிலேயே நின்று படித்தேன். நான் உன் பெயரை யாரிடமும் கொடுக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு திட்டு.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பழகுவதற்காக ஐந்து ஃபாரம் நிரப்ப வேண்டும். கற்பனை மனிதர்களாக இருக்கவேண்டும். மேலே சிவப்பு மையில் “பயிற்சி” என்று குறுக்காக எழுதவேண்டும். நாலு பேரை எப்படியோ இட்டுக்கட்டிவிட்டேன். ஐந்தாவதற்கு யாரும் கிடைக்கவில்லை. வயது முப்பது, வெல்டர், அம்மாவோடு வசிக்கிறார் என்று பேனா தானாக ஓடியது. பெயர், விலாசம் எல்லாம் நம்முடையதே வந்தது. எழுதி முடித்ததும் சட்டென்று அதை மற்ற நாலுக்கும் அடியில் செருகிவிட்டேன். அந்தப் பதற்றத்தில் சிவப்புப் பேனாவை மறந்துவிட்டேன். கண்டக்டர் அதை நிஜ ஃபாரம் என்று எடுத்துக்கொண்டு நாற்காலி போட்டுவிட்டார். போன செவ்வாய் போட்டிருக்கிறார் அண்ணா. பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன், அது யாருக்கு என்று தெரியாமல்.

வேலை போனாலும் போகட்டும் என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். எங்கள் மையத்துக்கே அவர்தான் பொறுப்பு. ஃபாரத்தை முழுதாகப் படித்தார். ஒருத்தரைக் கேட்காமல் அவர் பெயரில் ஃபைல் திறப்பது தப்பு, அண்ணனாக இருந்தாலும் தப்பு என்று சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் எனக்குக் காது சுட்டது. பிறகு என் கண்முன்னாலேயே அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டார். உன்னைப் பற்றி இங்கே இப்போது ஒரு எழுத்துக்கூட இல்லை. கதவு வரைக்கும் வந்தவளைக் கூப்பிட்டு, “எழுதினது நல்லா இருந்தது. மத்த நாலு பேரும் பொய்னு பார்த்தவுடனே தெரியுது” என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

நீ யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. அது எனக்குத் தெரியாதா? இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் யாரையும் அடித்ததில்லை. எனக்குப் பயமெல்லாம் வேறு. நம் அப்பா போனது எந்த வயதில், எதனால் என்று உனக்கே தெரியும். உனக்கு அந்த வயது வர இன்னும் ஏழு வருடம்தான் இருக்கிறது.

கண்டக்டர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஃபைல் இல்லாவிட்டால் நாற்காலியும் இருக்கக் கூடாது. “எடுத்துடட்டுமா பட்டதாரி?” என்று கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீயே ஒரு வரி எழுதிவிடு. எடுக்கச் சொல்லவா, விடச் சொல்லவா?

உன் தங்கை,
பூச்சி


ஜூலை 8, புதன்

பூச்சிக்கு,

நேத்து உங்க தெருவுக்கு வந்தேன். சத்தம் போடாதே, மாடி ஏறல.

தையல் கடையில நின்னேன். அவர் “மாடிங்களா?”ன்னாரு. இல்லைங்க, சட்டையில பட்டன் தைக்கணும்னேன். எல்லாப் பட்டனும் சட்டையில இருந்துச்சு. அவர் பார்த்தாரு. இருக்கிற பட்டன் ஒண்ணை வெட்டி எடுத்துட்டு மறுபடி தைச்சுக் குடுத்தாரு. காசு நீட்டினா, மாடிக்குப் போறவங்ககிட்ட வாங்கறதில்லன்னாரு. நான்தான் போகலையேன்னேன். “இன்னிக்குப் போகல”ன்னாரு. உங்க தெருவுல எல்லாருக்குமே வாய் நீளம்.

ஜன்னல் வழியா உன் குரல் கேட்டுச்சு. ஒவ்வொரு பேரா கூப்பிட்டே. இவ்வளவு சத்தமா உனக்குப் பேச வரும்னு நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்கூல்ல பேர் கூப்பிட்டா “உள்ளேன்”னு சொல்றதுக்கே அழுவியே. கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

ஏழு மணிக்குப் பட்டறையில நிக்கிறேன்னு எழுதினேன்ல. நிக்கிறேன். ஆனா கொஞ்சம் உள்ள போனாத்தான் நிக்கவே முடியுது. இல்லேன்னா கை ஆடுது. போன மாசம் ஒரு ஜன்னல் சட்டத்துல என் வெல்டு புழு ஊர்ந்த மாதிரி போச்சு. மேஸ்திரி பார்த்துட்டு, “நாளைலேர்ந்து நீ கிரைண்டிங் பண்ணு”ன்னு மட்டும் சொன்னாரு. நேத்து வந்த பையன் பண்ற வேலை அது. அம்மாவுக்கு இது தெரியாது.

நாற்காலியை எடுக்க வேணாம். வர்ற செவ்வாய் வரேன். ஆனா ஒண்ணு. எனக்கு எழுதறது, கேட்கறது எல்லாம் நீயா இருக்கணும். அந்தக் கண்டக்டர் நல்லவராவே இருக்கட்டும். ஊரான்கிட்ட என் வாய் திறக்காது. நீ உட்கார்ந்தா நான் பேசுவேன். இல்லேன்னா வரல.

முந்தின நாளே சுத்தமா நிறுத்திட்டு வரணுமா? அதையும் சொல்லு.

அண்ணன்


ஜூலை 10, வெள்ளி

என் அன்பு அண்ணாவுக்கு,

நீ ஜன்னலுக்குக் கீழே நின்றாய் என்று படித்ததும் ஓடிப்போய் அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நீ வந்துபோய் மூன்று நாளாகிவிட்டது என்பதே மறந்துவிட்டது. கண்டக்டர், “என்ன பட்டதாரி, பஸ்ஸைத் தவற விட்டுட்டியா?” என்றார். இல்லை, வரப்போகிறது என்றேன். சந்தோஷத்தில் வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் வீராப்பாக நிறுத்திவிட்டு வராதே. உன்னைப் போல் காலையில் கை ஆடுகிறவர்கள் தானாகச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். ஒன்பது மணிக்கு வா. டாக்டரம்மா முதலில் உடம்பைப் பார்த்து மாத்திரை கொடுத்து, எப்படிக் குறைப்பது என்று சொல்வார். வேறு மாத்திரை ஏதாவது போட்டால் அட்டையைக் கொண்டு வா. மேஸ்திரியிடம் அரை நாள் கேள், போதும்.

இனி நீ கேட்டது. என்னால் முடியாது அண்ணா.

சொந்தக்காரருடைய ஃபைலை நாங்கள் தொடக் கூடாது, அது இங்கே சட்டம். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைக்காதே. டாக்டரம்மாவோடு சண்டை போட்டேன். நான்! கால்மணி நேரம். அவன் வேறு யாரிடமும் பேச மாட்டான், நான் இல்லாவிட்டால் வரவே மாட்டான், சட்டம் பெரிதா அவன் உயிர் பெரிதா என்றெல்லாம் கேட்டேன். அவர் முடிக்க விட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உன்னைப் பத்தி அவருக்குச் சொல்ல எதுவுமே இருக்காதா?”

சண்டையை அங்கேயே விட்டேன்.

அதனால் நானே ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்களுக்கு இன்னொரு மையம் இருக்கிறது. வரும் செவ்வாயிலிருந்து குழு நடக்கிற நாளெல்லாம் நான் அங்கே. அங்கே குழுவை நானே நடத்தப்போகிறேன், ஒன்பது பேர்! நீ மாடி ஏறும்போது நான் அந்தக் கட்டடத்திலேயே இருக்க மாட்டேன். நீ அங்கே என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கண்டக்டரும் சொல்ல மாட்டார். தினமும் என்னோடு டீ குடிக்கிறவர், இருந்தாலும் சொல்ல மாட்டார். ஏழு வருடத்துக் கதை எத்தனையோ அவர் வயிற்றில் இருக்கிறது, ஒன்றுகூட வெளியே வந்ததில்லை.

அண்ணா, நான் பட்டம் வாங்கிய அன்று என்ன நடந்தது என்று இந்த இரண்டு வருடத்தில் நாம் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன். நீ ஒன்பதாவதோடு நிறுத்தி என்னைப் படிக்க வைத்தாய். அன்றைக்கு நீயே வெல்டு வைத்து, பச்சைப் பெயின்ட் அடித்த புத்தக அலமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்தாய். குடித்திருந்தாய். வாட்ச்மேன் மறித்தார். “அதோ என் தங்கச்சி” என்று கையைக் காட்டினாய். என்னைச் சுற்றித் தோழிகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள். வாட்ச்மேன் என்னிடம் “தெரிஞ்சவராம்மா?” என்று கேட்டார். நான் இல்லை என்றேன்.

நீ பத்தடி தூரத்தில் நின்றாய். உன் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். “மன்னிச்சுக்குங்க, ஆள் மாறிப்போச்சு” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அலமாரியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாய். அந்த நிலையிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு அவசர வேலை வர ஆரம்பித்தது.

என்னை எதிரே வைத்துக்கொண்டு நீ எல்லாம் பேசுவாய். இதை மட்டும் பேச மாட்டாய். டாக்டரம்மாவின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் இதுதான்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இத்தனை பக்கமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். கண்டக்டர் உன்னிடம் வீட்டில் யார் யார் என்று கேட்பார். நீ “என் தங்கச்சி தங்கம்” என்று ஆரம்பிப்பாய், எனக்குத் தெரியும். ஆரம்பிக்காதே. வாசலில் நான் சொன்னதை அவரிடம் சொல்லு. அது நான்தான் என்று, மாற்றாமல் சொல்லு.

உன் தங்கை,
பூச்சி