கருநீலக் காலர்

வர்ஷினி கண்ணு,

உங்கப்பாவைக் கண்புரை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறேன். ரசம் இருக்கிறது, சோறு மட்டும் வைத்துக்கொள்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலீங்கப்பா" என்று நீ சொன்னதற்கு ஒரு வாரமாகப் பேசாத பட்டாளத்துக்காரர், நேற்று பனியன் கம்பெனி செக்கிங்கில் கறுப்புப் பனியனுக்குக் கருநீலக் காலரைக் கறுப்பென்று பாஸ் பண்ணிவிட்டார். எனக்கு மத்தியானமே சேதி வந்துவிட்டது! எல்லையில் கண்ணாடி போடாமல் பனி வெளிச்சத்தில் நின்றதும் காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

விடியக்காலை மாடியில் நின்று, "தெருவிளக்கெல்லாம் பனி சுத்துது அம்மிணி, லடாக் மாதிரியே. ஆபரேஷன் பண்ணுனா இது போயிருமா?" என்றார். சித்திரையில் திருப்பூரில் பனி பார்த்த ஒரே ஆள்! நானும் கூடவே நின்று பார்த்தேன்.

பி.கு.: நாளைக் காலையில் கட்டைப் பிரிப்பார்கள். முதலில் உன் முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். உன்னிடம் சொல்லக்கூடாது என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்து எதிரில் நில்.