உனக்கு எட்டாத ரப்பர் வாடை

மாப்ள,

இன்று காலை செம்பூர் சிக்னலில் நின்றபோது வண்டிக்குள் ரப்பர் கருகும் வாடை வந்தது. பக்கத்து லாரியாக இருக்கும் என்று, கொஞ்சம் இறங்கியிருந்த கண்ணாடியை முழுவதும் ஏற்றினேன். வாடை உள்ளேயேதான் இருந்தது. ஏசியை அணைத்தேன், அப்போதும் போகவில்லை. அப்படியென்றால் ஏசியை ஓட்டும் பெல்ட்டின் வாடை இல்லை. ஓரங்கட்டி இறங்கி, சக்கரம் சக்கரமாகக் குனிந்து முகர்ந்தேன். கடைசியில் பார்த்தால் சைலன்சரில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டி உருகிக் கிடந்தது. மழைக்காலத்தில் இந்த ஊர் ரோட்டில் எது பறந்து வந்து ஒட்டும் என்று யாருக்குத் தெரியும்? சூடு ஆறும்வரை நின்று சுரண்டி எடுத்தேன். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்பினேன்.

குனிந்து முகர்வது உன் வேலை அல்லவா. தனித்தனியாகக் கார் வாங்க வக்கில்லாமல் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய வண்டி இது. ஒரு வாரம் தாராவியில் உன் வீட்டுப் பக்கம் நிற்கும், மறு வாரம் செம்பூரில் என் வீட்டுப் பக்கம். இரண்டு பெண்டாட்டி கட்டியவன்கூட இவ்வளவு ஒழுங்காக முறை வைத்திருக்க மாட்டான் என்று என் அம்மா சொல்லுவாள்.

முதல் ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? பம்பரில் வாழைக்கன்று கட்டினாய். கயிறு அவிழ்ந்துவிடும் என்று சைக்கிள் டியூபை நாடா நாடாக வெட்டி இறுக்கினாய். இரண்டு குடும்பத்தையும் அடைத்துக்கொண்டு மாட்டுங்கா கோயிலுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் கருகல் வாடை. சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றாள் உன் மனைவி. நீ புது வேட்டியோடு ரோட்டில் படுத்து மோப்பம் பிடித்தாய். நாடாவின் ஒரு முனை நீளமாகத் தொங்கி, வண்டிக்கு அடியில் போய் சைலன்சர் குழாயில் பட்டுத் தீய்ந்துகொண்டிருந்தது.

"எல, யாருல இதக் கட்டுனது?" என்றாய்.

"நீதாம்ல."

"சவம், நல்லாத்தான் கட்டிருக்கேன். அறுக்கவே முடியல."

அன்றோடு வேலை பிரிந்தது. மூக்கு நீ, கை நான். "எங்கன்னு நான் சொல்லுதேன், நீ கழட்டு" என்பாய். பிரேக் பிடித்துக்கொண்ட வாடை, எண்ணெய் ஒழுகிச் சுடும் வாடை, பெல்ட் வழுக்கும் வாடை எல்லாம் உனக்குத் தனித்தனி. எனக்கு எல்லாம் ஒரே நாற்றம்.

பிறகு கொரோனாவின் இரண்டாவது அலை வந்தது. வெகுநாள் நின்றுபோன வண்டியை எடுக்க உன் வீட்டுக்கு வந்தேன். கிளப்பி ஏசியைப் போட்டதுமே கருகல் வாடை தெருவரை அடித்தது. உன்னைக் கூப்பிட்டேன். மாஸ்க்கோடு வந்து பானெட்டைத் திறந்து குனிந்தாய்.

"ஒண்ணும் வரலையே மாப்ள."

விளையாடுகிறாய் என்று நினைத்தேன். "நடிக்காதல, தெருவே நாறுது" என்றேன். நீ மாஸ்க்கை இறக்கிவிட்டு இன்னும் குனிந்து மூச்சை நன்றாக இழுத்தாய். நிமிர்ந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். அப்போது இருவருக்குமே புரிந்துவிட்டது. மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு நாலு எட்டு பின்னால் போனாய்.

"தள்ளி நில்லு. கிட்ட வராத."

ஏசியை அணைத்ததும் வாடை குறைந்தது. இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன்; தொளதொளவென்று கிடந்தது. டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, கம்பி கொடுத்து நெம்பி, பெல்ட்டை இழுத்துப் பிடித்து முடுக்கினேன். நீ எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "போயிட்டா?" என்று கேட்டாய். "போயிட்டு" என்றேன். "அப்ப வண்டி இங்கயே நிக்கட்டும், தேவப்படும்" என்றாய்.

தேவைப்பட்டது. உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது ஆம்புலன்ஸ் வரவில்லை. நான் வருகிறேன் என்று போனில் கத்தினேன். "ஒங்கம்மைக்கு வயசாயிட்டு. நீ வந்தா ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாய். உன் மனைவியைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு நீயே ஓட்டிப் போனாய். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து ஒருமுறை பேசினாய். மூச்சுக்கு நடுவே, "காடி ஏக்தம் மஸ்த்தா ஓடுது மாப்ள" என்று பாதி இந்தியில் வண்டியைப் புகழ்ந்தாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. உன் முகத்தையும் யாருக்கும் காட்டவில்லை.

சாவியை உன் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டாள். இப்போது எல்லா வாரமும் வண்டி என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அந்தச் சமயத்தில் நான் பெல்ட்டைச் சரிசெய்து வைத்தது எவ்வளவு பெரிய உதவி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

ஆனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வழியில் வண்டி நின்றிருந்தால் உன் உயிருக்குத்தான் ஆபத்து, தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. நின்றிருக்கக் கூடாதா என்றுதான் இன்றுவரை இருக்கிறது. நின்றிருந்தால் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டிருப்பாய். நான் வந்து உன்னைத் தொட்டுத் தூக்கியிருப்பேன்.