உப்பில்லாத தபசு

24 பிப்ரவரி 1962, சனி

அண்ணி இன்று புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்: பச்சைப்பயற்று மாவில் எலுமிச்சைச் சாறு. போன வாரம் கஸ்தூரி மஞ்சள். அதற்கு முன் வெள்ளரிப் பிஞ்சு. மிச்சமிருப்பது தாளிப்பு ஒன்றுதான்.

கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் மங்கு, நெற்றியில் திட்டுத்திட்டாகக் கறுப்பு. ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு நோட்டுத் திருத்துவதால் என்கிறார் அண்ணி. வெயில் என்கிறார் அண்ணன். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் எங்கள் பாலக்கரை ஸ்கூலுக்கு வரும் ரெங்கநாயகி டீச்சர், "ஜாதிக்காயைப் பால்ல உரைச்சுத் தடவுங்கோ அக்னஸ், ஒரு மண்டலத்துல போயிடும்" என்கிறார். எல்லோரும் வைத்தியர்கள். நோயாளி நான் ஒருத்திதான்.

4 மார்ச், ஞாயிறு

சகாயம்மாள் வந்தார். அவருடைய மகன் கிளமென்டுக்குத்தான் என்னைப் பேசியிருக்கிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வந்தவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"கிறிஸ்மசுக்குப் பாத்தப்ப இவ்வளவு இல்லையேம்மா. உள்ளுக்குள்ள ஏதும் நோவு இருக்கா?"

அண்ணி முந்திக்கொண்டார். "வெயில்ல நடக்குறா இல்லைங்களா, வேற ஒண்ணுமில்லைங்க."

"பாஸ்காப் பண்டிகை கழியட்டும். முகமும் தெளியட்டும். அப்புறம் ஓலை வாசிக்கச் சொல்லுவோம்."

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தால்தான் நான்காவது வாரம் கல்யாணம். அந்த ஓலை இப்போது என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருபத்தேழு வயது. இந்த இடமும் போனால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

7 மார்ச், விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: பிடிக்காததை விடுவது ஒறுத்தல் ஆகாது, எது ரொம்பப் பிடிக்குமோ அதை விடுங்கள்.

எனக்கு எது ரொம்பப் பிடிக்கும்? யோசிக்கவே வேண்டாம். சொல்லத்தான் வெட்கம். உப்பு. சில மாதமாகவே இந்தப் பைத்தியம். கஞ்சியில் கை நிறைய அள்ளிப் போட்டுக் குடிக்கிறேன். ஊறுகாய் ஜாடிக்குள் விரலை விட்டு, அண்ணியிடம் குழந்தை மாதிரி அகப்பட்டுக்கொள்கிறேன்.

ஆகவே பாஸ்கா வரை, தபசு காலம் நாற்பது நாளும் உப்பில்லாத சாப்பாடு. மாதாவே, பதிலுக்கு முகத்தைத் தெளிய வை. பேரம்தான். இருக்கட்டும்.

13 மார்ச்

உப்பில்லாத ரசம் என்பது சுடவைத்த புளித்தண்ணீர்.

22 மார்ச், வியாழன்

கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டீச்சர், கைரேகையில மை ஊத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். பார்த்தேன். ரேகை எல்லாம் கறுப்புக் கோடு. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விரல் முட்டிகளும் கறுத்திருக்கின்றன. முழங்காலில் ஒரு பழைய தழும்பு, அதுகூடக் கரியாக இருக்கிறது. முழங்கால் எந்த வெயிலைக் கண்டது?

முகம் தெளியவில்லை. இன்னும் கறுக்கிறது. மாதா எதற்காகக் காத்திருக்கிறாள்?

31 மார்ச், சனி

திருடிவிட்டேன். வீட்டில் யாருமில்லை. கை தானாக உப்புச் சட்டிக்குள் போனது. கல் உப்பை வாயில் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நன்றாக இருந்தது, அதுதான் அவமானம்.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "உடம்பு தாங்கலைன்னா விட்டுடும்மா. மாதா கோவிச்சுக்க மாட்டா" என்றார் சாமியார். பெரிய மனது அவருக்கு. ஓலைக்காகக் காத்திருப்பவர் அவரில்லையே. பாதியில் விட்டுவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? இனி அடுப்படிப் பக்கமே தனியாகப் போகமாட்டேன்.

9 ஏப்ரல், திங்கள்

மன்னார்புரம் பஸ் ஸ்டாப்பில் கிளமென்ட். சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னங்க, எலும்பாப் போயிட்டீங்க."

"முகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"அது அம்மாவோட கவலைங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனுஷர்தான். வீடு வரும் வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை. வாந்தி என்று கேட்டாலே மனதுக்குள் என்னென்ன கணக்கோ போடுவார்.

15 ஏப்ரல், குருத்து ஞாயிறு

காலை. எழுந்தால் தலை சுற்றுகிறது. கோயிலில் இயேசுவின் பாடுகளை வாசித்து முடிக்கும்வரை நிற்கவேண்டும். இன்னும் ஒரே வாரம். நின்றுவிடுவேன் —

20 ஏப்ரல், பெரிய வெள்ளி. ஆஸ்பத்திரி

நிற்கவில்லை. குருத்தோலையோடு விழுந்தேனாம். மூன்று நாள் எனக்கு எதுவுமே நினைவில்லை. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், தாடி வளர்ந்திருக்கிறது.

லேடி டாக்டர் நசீரா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார், அங்கேயும் கறுப்பாம். உள்ளங்கையைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். பிறகு கேட்டார், "உப்பு நிறையச் சாப்பிடணும்னு தோணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னேன். நேர்ச்சையையும் சொன்னேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணுக்குக் கீழ கறுக்குறதுக்கு ஆயிரம் காரணம் உண்டும்மா. தூக்கம் இல்லாம, ரத்தம் இல்லாம, அப்பா அம்மா வழியில, எப்படியும் வரும். அதுல முக்காவாசிக்குப் பயப்பட வேண்டியதில்ல. ஈறு கறுக்குறது அப்படி இல்ல."

சிறுநீரகத்துக்கு மேலே சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறதாம். என்னுடையது கெட்டுப்போய்விட்டது. சிறு வயதில் எனக்குக் காசநோய் வந்ததே, அதன் வேலையாக இருக்கலாம் என்கிறார். சுரப்பி படுத்துக்கொண்டதும் மூளை அதை ஓயாமல் விரட்டுமாம். அந்த விரட்டலில்தான் தோல் கறுக்கிறது. உடம்பில் உப்பு தங்காமல் வெளியே போய்விடும். அதனால்தான் அந்த ஆசை.

ஆசை இல்லை. உடம்பு பிச்சை கேட்டிருக்கிறது. நான் அதைப் பாவம் என்று சொல்லி விரட்டியிருக்கிறேன். என்ன முட்டாள்தனம், எவ்வளவு பிடிவாதம் எனக்கு! ஆஸ்பத்திரிக் கஞ்சியில் இன்று உப்பு போட்டுக் கொடுத்தார்கள். பெரிய வெள்ளி நோன்பு என்றுகூடப் பார்க்காமல் முழுவதையும் குடித்தேன்.

28 ஏப்ரல்

வீட்டுக்கு வந்தாயிற்று. கெட்டுப்போன சுரப்பிக்குப் பதிலாகக் கார்டிசோன் மாத்திரை, தினமும், உயிர் உள்ளவரை. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போடவேண்டும். "உங்க வீட்ல இருக்குற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்" என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அண்ணி தலையாட்டினார்.

20 மே, ஞாயிறு

கன்னம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மாதா கேட்டுவிட்டாள் என்று அண்ணி தெருவெல்லாம் சொல்கிறார்.

கிளமென்ட் வந்தார். நோயின் விவரம் எல்லாம் அண்ணன் அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மட்டும் வெயில் மயக்கம் என்றுதான் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு விஷயங்க" என்று ஆரம்பித்தார். "அம்மாகிட்ட மட்டும் மாத்திரையைப் பத்திச் சொல்ல வேணாம். பெட்டியில வச்சுக்கிட்டு ரகசியமா சாப்பிட்டுக்குங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"நீங்க ஒர்க்‌ஷாப்ல இருக்கறப்ப நான் விழுந்தா?"

அண்ணனும் அண்ணியும்கூட அவர் பக்கம்தான். கல்யாணம் முடியட்டும், மெல்லச் சொல்லலாமாம். மெல்லச் சாகவும் முடியுமா? தூக்கம் வரவில்லை. சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் நான் போவேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசிக்கிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அதுதான் தொல்லை.

27 மே, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் பொன்மலைக்குப் போனேன். மாத்திரைப் புட்டியைச் சகாயம்மாள் முன்னால் வைத்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

அவர் புட்டியைத் தொடவில்லை. "கிளமென்ட்" என்று கூப்பிட்டார். அவர் அறையிலிருந்து வந்து நின்றார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம கூட்டியாரப் பாத்தியா? இந்தப் பொண்ணு இங்க மயங்கி விழுந்தா நான் என்னடா பண்ணியிருப்பேன்? எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கக் குடுத்துட்டு உக்காந்திருப்பேன். உசுரு போயிருக்கும். அந்தப் பழிய எனக்கு வாங்கித் தரப் பாத்தியா?"

என் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போம்மா. இப்போதைக்கு ஓலை வேணாம்."

பஸ்ஸில் வரும்போது முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். வெயிலுக்காக இல்லை.

12 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் கிளமென்ட். இரண்டரை மாதத்துக்குப் பிறகு. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மேல்கையில் சின்னச் சின்ன ஊசித் தடங்கள், ஒன்றிரண்டு இன்னும் கன்றிப்போய்.

"ரயில்வே ஆஸ்பத்திரி கம்பவுண்டர்கிட்டப் போய்க் கத்துக்கிட்டேங்க. வெறுந்தண்ணிதான். என் மேலயே குத்திப் பழகினேன்."

"உங்க அம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"இதுல பாதி அவங்க போட்டது. அவங்களுக்குக் கை நடுங்கவே இல்லைங்க."

சாமியார் இன்னும் உள்ளேதான் இருந்தார். அடுத்த ஞாயிறு முதல் ஓலை.