ஏழு பேருக்குக் காயம் என்று நீ சொன்ன ஞாயிறு

இன்று காலை ரேடியோ ஆன்டெனா வயரின் முனை கழன்றிருந்தது. சாலிடர் வைத்தேன். ஈயம் உருகிப் புகை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். உனக்கு அந்த வாசனை என்றால் உயிர். "நல்லா காப்பி வறுக்கற மாதிரி இருக்குதுங்க" என்பாய். காப்பியும் ஈயமும் ஒன்றா, மூக்கு வேலை செய்கிறதா என்று திட்டுவேன். அதற்கும் "செய்யுதுங்க அம்மிணி" என்று பணிவாகப் பதில் வரும்.

உன் வயதுதான் எனக்கும். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வேலம்பாளையத்தில் பன்னிரண்டு மெஷின் போட்டுப் பனியன் தைப்பவள். நீ சாமளாபுரத்தில் தறி ஓட்டுபவள். நான் உன்னை "ஏட்டி" என்று கூப்பிட்டால், நீ எனக்கு "ங்க" போடுவாய். ஹாம் ரேடியோ உரிமத் தேர்வு எழுதும் இடத்தில் அறிமுகமானோம். புயல் வெள்ளத்தில் போன் டவர் படுத்துவிட்டால் நம்மைப் போன்றவர்கள்தான் செய்தி கடத்த வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். நீ உடனே தலையாட்டினாய். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வெளியே போக ஒரு சாக்கு கிடைத்ததே என்றிருந்தது.

பயிற்சி நாளில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் செய்தியையும் "பயிற்சி, பயிற்சி, பயிற்சி" என்று மூன்று முறை சொல்லித்தான் தொடங்க வேண்டும், அப்படியேதான் முடிக்கவும் வேண்டும். கேட்கிறவர்கள் நிஜமென்று நம்பிவிடக் கூடாதல்லவா?

அந்த ஞாயிறு எனக்கு ஷிப்மென்ட் அவசரம். என் தையல் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று ரேடியோவின் ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்திருந்தேன். நீ பயிற்சிக்காக அருள்புரம் போய், அங்கிருந்து கையடக்க ரேடியோவில் பேசினாய். "அம்மிணி, கேக்குதுங்களா? டிபன் ஆச்சுங்களா? பாப்பாளுக்குக் காய்ச்சல் தேவலீங்களா?" என்று ஊர் நலம் எல்லாம் விசாரித்தாய். விசாரித்த வேகத்தில் நேராகச் செய்திக்குப் போய்விட்டாய். "அருள்புரம் சாயப்பட்டறையில பாய்லர் வெடிச்சிருச்சுங்க. ஏழு பேருக்குக் காயம். ரத்தம் வேணுமுங்க."

பயிற்சி என்ற சொல்லை நீ சொல்லவே இல்லை. நானும் ஒரு மண்ணும் கவனிக்காமல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மெஷின்கள் நின்றிருந்தன.

"எக்கா, எங்க வீட்டுக்காரரு அங்கதான வேலை பாக்காரு!" என்று அலறினாள் பேச்சியம்மா, என் டெய்லர். சாயப்பட்டறைக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் அடித்த போன் மணி அடித்தபடியே இருந்தது. "பயிற்சிதாம்மா, நிஜமில்ல!" என்று நான் கத்துவதற்குள் யாருடைய பைக்கிலோ ஏறிப் போய்விட்டாள். செருப்பு இரண்டும் மெஷினுக்கு அடியிலேயே கிடந்தன. ஐயோ, வழியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"ஏட்டி, பயிற்சின்னு சொன்னியா நீ? கூறுகெட்டவளே!" என்று மைக்கில் கத்தினேன். விஷயத்தைச் சொன்னேன். பிறகு உன் குரல் வந்தது, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு "ங்க" கூட இல்லாமல். "எந்தப் பட்டறை? ஆள் பேரு?"

நீ அந்தப் பட்டறை வாசலில் போய்ச் சண்டை பிடித்ததும், அவனை வெளியே இழுத்து வந்ததும், நீலச் சாயம் அப்பிய கையோடு அவனை நடுரோட்டில் நிறுத்தியதும் பிறகு எல்லோரும் சொல்லித் தெரிந்துகொண்டேன். பேச்சியம்மா பைக்கிலிருந்து குதித்தாளாம், அவனை மேலும் கீழும் பார்த்தாளாம், முதுகில் ஓங்கி இரண்டு வைத்தாளாம். அப்புறம்தான் அழுதாள். நீ கையைக் கூப்பி, "என்னையும் ஒண்ணு அடிச்சுருங்க கண்ணு" என்று கன்னத்தைக் காட்டினாயாம். அவளுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் பின்னாலேயே ஒரு டெம்போ. ரத்தம் கொடுப்பதற்காக என் யூனிட் ஆட்களும் பக்கத்து யூனிட் ஆட்களும் அடைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். பீகார்ப் பையன்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "கிதர் தேனா ஹை?" என்று, எங்கே கொடுப்பது எனக் கேட்டு உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யாருக்குமே காயமில்லை என்று உன் அரைகுறை இந்தியில் எப்படித்தான் புரியவைத்தாயோ! எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தே அனுப்பினாய். என் ஷிப்மென்ட் அன்றைக்குப் போகவில்லை. அதைப் பற்றி உன்னைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சிரித்திருந்தேன்.

மறுநாள் நீ சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள ரோட்டுல வந்த அரை மணி நேரத்த நெனச்சா எனக்குத் தூக்கமே வரலீங்க" என்றாய். "இனி யாரு நல்லா இருக்கறாங்கன்னு மொதல்ல சொல்லோணும். மத்ததெல்லாம் அப்பறந்தானுங்க." அன்றிலிருந்து நம் குழுவில் அதுதான் முறை. காயம்பட்டவர்களைத்தானே முதலில் சொல்ல வேண்டும் என்று பயிற்சியைப் பார்க்க வந்த ஓர் அதிகாரி கேட்டார். "கேக்கறவங்க மொதல்ல மூச்சு உடோணுமுங்க சார்" என்றாய்.

உன் வீட்டிலும் அதையே பழக்கியிருக்கிறாய். போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து உன் மகள் போன் செய்தாள். "பெரீம்மா, அப்பா நல்லா இருக்கறாருங்க. தம்பி நல்லா இருக்கறானுங்க. நானும் நல்லா இருக்கறேனுங்க" என்றாள். அதோடு நிறுத்தினாள். அந்தக் கணக்கில் நீ இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்குள் நான் ஒரு மூச்சு விட்டிருந்தேன், நிற்பதற்கு அது போதுமாயிருந்தது.

இன்றைய பயிற்சி நன்றாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முறைப்படியே சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் நல்லா இருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் நல்லா இருக்கிறார்கள். பேச்சியம்மாவும் அவள் புருஷனும் நல்லா இருக்கிறார்கள். நானும் நல்லா இருக்கிறேன்.

மற்றது அப்புறம்தானே? உன்னை ரொம்பத் தேடுது, ஏட்டி.